வேலையை விடாமல் டிமென்சியா பராமரிப்பில் முதுநிலைப் படிப்பு: ராமநாதபுரம் கடற்கரையில் இருந்து தொடங்குபவர்களுக்கு

தொண்டி முதல் மூக்கையூர் வரை இந்தக் கடற்கரையில் செவிலியராகவோ, இயன்முறை சிகிச்சையாளராகவோ, சமூகப் பணியாளராகவோ வேலை பார்ப்பவர் எவரும் டிமென்சியா (நினைவும் சிந்திக்கும் திறனும் படிப்படியாகக் குறையும் நோய்) வந்தவர்களை ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார். பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்காது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, பக்கவாதம் என்று எழுதியிருக்கும். ஓரத்தில் 'முதுமை' என்று ஒரு சொல் கிடக்கும். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. அவர்களைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, மருந்து கொடுப்பவர்களில் இந்நோயை முறையாகப் படித்தவர்கள் மிகக் குறைவு.

படிக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருக்கிறது. ஆனால் வேலையை விட முடியாது, ஊரை விட்டுப் போக முடியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் இன்று பார்க்கும் நோயாளியின் வீட்டுத் திண்ணையில் நாளை காலையே செய்து பார்க்கக்கூடிய பாடமாக இருந்தால் அந்தப் படிப்பு உங்களுக்கானது. இல்லையென்றால், பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரவில் கண்விழித்துக் கட்டுரை எழுதும் களைப்புத்தான் மிஞ்சும்.

முதல் படி: எதற்காகப் படிக்கிறீர்கள்?

இப்போதைய வேலையை இன்னும் நன்றாகச் செய்யவா, அரசுப் பணியில் பதவி உயர்வுக்கா, கல்லூரியில் கற்பிக்கவா, வளைகுடாவிலோ பிரிட்டனிலோ முதியோர் பராமரிப்பு வேலைக்கா? ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான்குக்கும் வழி வேறு. பதவி உயர்வுக்கு, உங்கள் துறையின் பணி விதிகளில் பெயர் இடம்பெற்ற பட்டம் மட்டுமே உதவும். வெளிநாட்டு வேலைக்குப் பட்டத்தைவிட அந்நாட்டு செவிலியர் பதிவும் ஆங்கிலத் தேர்வும் முன்னால் நிற்கும். இருக்கும் இடத்தில் நன்றாகச் செய்ய வேண்டும் என்பவருக்குத்தான் சுதந்திரம் அதிகம். சிறிய சான்றிதழ்ப் படிப்பிலிருந்து முழு முதுநிலைப் பட்டம் வரை எதையும் எடுக்கலாம்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிமென்சியா பராமரிப்பில் முதுநிலைப் பட்டம் பெற்றாலும் நோயை உறுதிசெய்யும் உரிமையும் மருந்து எழுதும் உரிமையும் மருத்துவருக்கு மட்டுமே. நீங்கள் கற்றுக்கொள்வது அடையாளம் கண்டு அனுப்பி வைப்பதையும், அதன் பிறகு பல ஆண்டுகள் நீளும் பராமரிப்பைத் திட்டமிடுவதையும். நம் பகுதியில் ஆள் இல்லாத இடம் அதுதான்.

இரண்டாம் படி: கட்டணமில்லாத பாடத்தில் இறங்கிப் பாருங்கள்

பணம் கட்டும் முன் இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா, ஆங்கிலத்தில் படித்து எழுத முடிகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் விக்கிங் டிமென்சியா மையம் 2013 முதல் டிமென்சியாவைப் புரிந்துகொள்வது பற்றிய இணையப் பாடத்தை உலகம் முழுவதற்கும் இலவசமாக நடத்திவருகிறது. மூளையில் என்ன நடக்கிறது, நோய் எப்படிப் படிப்படியாக முற்றுகிறது, பராமரிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சில வாரங்களில் சொல்லித்தருகிறார்கள். நோயைத் தடுப்பது பற்றித் தனிப் பாடமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் மனநல மருத்துவர் இல்லாத ஊர்களுக்காகத் தயாரித்த எம்எச்கேப் வழிகாட்டியில் டிமென்சியாவுக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதுவும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ள வேண்டிய பக்கங்கள் அவை.

இந்தப் பாடங்களைப் படிக்கும்போதே உங்கள் நோயாளிகளின் முகங்கள் கண்முன் வரத் தொடங்கும். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் டிமென்சியா ஆபத்தைக் கூட்டும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவது, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தலைக்காயம், புகைபிடித்தல், தனிமை, பள்ளிப் படிப்பு குறைவு ஆகியவை அதில் உண்டு. பார்வைக் குறைபாடும் கெட்ட கொழுப்பும் அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவை. நாற்பது ஆண்டு டீசல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து காது மந்தமான மீனவரை நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுப்பதும் டிமென்சியா வேலைதான் என்பது உறைக்கும்.

மூன்றாம் படி: எந்தப் படிப்பு?

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

டிமென்சியாவை மட்டுமே தனிப் பாடமாகக் கொண்ட முதுநிலைப் படிப்பு என்றால் பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் பெயர்தான் முதலில் வரும். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் டிமென்சியா சேவை மேம்பாட்டு மையம் 1989-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டாம் கிட்வுட் 1992-இல் ஒரு குழுவை உருவாக்கினார். நோயை முன்னால் வைக்காமல் ஆளை முன்னால் வைக்கும் பராமரிப்பு முறையை வலியுறுத்தியவர் அவர். டிமென்சியா பராமரிப்புப் படிப்பு எதில் சேர்ந்தாலும் அவர் கருத்துகளைத் தாண்டிப் போக முடியாது. இத்தகைய பல்கலைக்கழகங்களின் தொலைவழி, பகுதிநேரப் படிப்புகளுக்கு விசா தேவையில்லை. பாம்பனில் இருந்தபடியே படிக்கலாம். எந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு சேர்க்கை நடக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். இடைத்தரகர்களின் விளம்பரத்தை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

பிரிட்டனில் படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். முதுநிலைப் பட்டம் 180 கிரெடிட். அதில் 60 முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலைப் பட்டயம். பல இடங்களில் 60-உடன் நிறுத்திக்கொண்டு சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம். வேலையும் குடும்பமுமாக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை அந்த 60 கிரெடிட்தான். முடித்த பிறகு தெம்பு இருந்தால் மேலே போகலாம். 'முழுப் பட்டத்துக்குச் சேர்ந்தால்தான் மதிப்பு' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்தியாவில் நிலைமை வேறு. மத்திய அரசின் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்பில் நடத்திவரும் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் நேரில் போய்ப் படிக்க வேண்டியது. செவிலியர் முதுநிலைப் பட்டத்தில் மனநலப் பிரிவை எடுத்தால் டிமென்சியாவை ஆழமாகப் படிக்கலாம், அதுவும் முழுநேரம். மருத்துவர்களுக்கு முதியோர் மருத்துவத்தில் எம்.டி. சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே உண்டு. நுழைவுத் தேர்வு எழுதி, வேலையிலிருந்து விலகித்தான் சேர வேண்டும்.

தொலைநிலைக் கல்வியில் ஒரு பெரிய மாற்றம் வந்திருக்கிறது. உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. செவிலியம், இயன்முறை மருத்துவம் ஆகியவற்றுக்குத் தொலைநிலையில் முன்பே இடமில்லை. ஆகவே 'வீட்டிலிருந்தே முதுநிலை உளவியல்' என்று இப்போது யாராவது அழைத்தால் விலகி நில்லுங்கள். திறந்திருக்கும் நல்ல வழி சமூகப் பணி. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைச் சமூகப் பணிப் பட்டத்தில் எந்தப் பட்டதாரியும் சேரலாம். குறைந்தது 2 ஆண்டுகள். மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. படிப்பின் பெயரில் டிமென்சியா இராது. ஆனால் கள வேலையையும் ஆய்வேட்டையும் முதியோர் பராமரிப்பில் அமைத்துக்கொள்ளலாம். சரியாகத் திட்டமிட்டால் பாதிப் படிப்பு டிமென்சியா படிப்பாகவே மாறிவிடும்.

பட்டம் வேண்டாம், கைத்திறன் வேண்டும் என்பவர்கள் பயிற்சிகளைத் தேடலாம். 1992-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கம், சென்னையில் டாக்டர் எம்.சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் ஆகியவற்றின் பயிற்சி அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ்கள் கூடுதல் பலம்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெளிநாட்டு இணையவழிப் பட்டம் இங்கே சமமாக ஏற்கப்படும் என்று நினைத்துக்கொண்டு சேராதீர்கள். துறையிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். சேரும் முன் அனுமதிக் கடிதமும் வாங்கிவிடுங்கள். படித்து முடித்த பிறகு கேட்டால் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றுவதற்கே அலைய வேண்டியிருக்கும்.

நான்காம் படி: சான்றிதழ்கள்

அதிகத் தாமதம் இங்கேதான் ஆகிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் படித்த செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும் மதிப்பெண் தொகுப்பு ஆவணத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிட வேண்டும். செவிலியர் பேரவைப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பணி அனுபவச் சான்றிதழில் முதியோரைக் கவனித்த விவரம் வெளிப்படையாக இருக்கட்டும். 'செவிலியராகப் பணிபுரிந்தார்' என்ற ஒற்றை வரி போதாது.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுதாக, திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருக்கும். மூன்றும் ஒருவரே என்று காட்டும் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொண்டால் விண்ணப்பம் பாதியில் நிற்காது. ஆங்கிலத் தேர்வு கேட்டால், ஐஇஎல்டிஎஸ்-இல் பெரும்பாலும் 6.0 முதல் 6.5 வரை எதிர்பார்ப்பார்கள். ஆங்கில வழியில் பட்டம் படித்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. தேர்வுக் கட்டணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: நேரக் கணக்கு

பிரிட்டன் முறையில் 10 கிரெடிட் என்றால் 100 மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் பாடம் ஒன்றை 15 வாரத்தில் முடிக்க, வாரத்துக்குச் சுமார் 13 மணி நேரம் வேண்டும். இரவுப் பணி பார்க்கும் செவிலியர் இந்த எண்ணைக் கணவரிடமோ மாமியாரிடமோ முன்கூட்டியே சொல்லி, வீட்டு வேலையில் எதை யார் எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்துவிட வேண்டும். சேர்ந்த பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும்.

வகுப்பு நேரத்தையும் பாருங்கள். குளிர்காலத்தில் பிரிட்டன் நேரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 மணி வகுப்பு இங்கே இரவு 11.30. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி நமக்கு முன்னால் இருப்பதால் அங்கே மாலை வகுப்பு இங்கே நண்பகலை ஒட்டி வரும். நேரலை வகுப்பு கட்டாயமா, பதிவைப் பிறகு பார்க்கலாமா என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

பிரிட்டனில் கல்வியாண்டு செப்டம்பர் வாக்கில் தொடங்கும். முதல் கட்டுரைகளை ஒப்படைக்கும் காலம் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாட்களில் மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வாசிக்க வேண்டியவற்றை அக்டோபருக்குள் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே கட்டுரை தயாராக இருக்கட்டும். புயல் வந்தால் அவகாசம் கேட்கத் தயங்க வேண்டாம். இத்தகைய சூழலுக்கு அவர்களிடம் விதிமுறை இருக்கும், ஆனால் ஒப்படைக்கும் நாளுக்கு முன்பே கேட்க வேண்டும். ராமேசுவரத்தில் வேலை பார்ப்பவர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை வாரங்களில் எதையும் திட்டமிடாமல் விட்டுவிடுவது நல்லது.

கள வேலைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாட்களும் விசைப்படகுத் தொழிலாளர்கள் வீட்டில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் மருமகளிடமோ மகளிடமோ மட்டுமே பேச முடியும். தடைக்காலத்தில் மகனையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம். குடும்பப் பராமரிப்பாளர்களைப் பேட்டி காணும் ஆய்வு எதுவானாலும் அந்தக் காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: விண்ணப்பக் கடிதம்

'முதியோருக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது சிறுவயது முதலே என் கனவு' என்று தொடங்கும் கடிதங்கள் ஆயிரம் வரும். தேர்வுக் குழு பார்க்க விரும்புவது உங்கள் கண்களை. ஒரே ஒரு சூழலை எடுத்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். உதாரணத்துக்கு இப்படி:

'எங்கள் சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட மீனவர் குடியிருப்பில் 74 வயது முதியவர் ஒருவர், படகு காத்திருக்கிறது என்று சொல்லி அதிகாலை 3 மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறார். கடலுக்குப் போவதை அவர் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. குடும்பத்தார் இரவில் கதவைப் பூட்டுகிறார்கள். அவர் கதவை இடிக்கிறார். தூக்க மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார்கள். அவர் பகல் முழுவதும் கட்டிலில் தூங்குகிறார் என்பதையும், வலை கட்டும் இடத்துக்கு அழைத்துப்போன நாட்களில் இரவில் நன்றாகத் தூங்குகிறார் என்பதையும் மருமகள்தான் கவனித்துச் சொன்னார். மாத்திரை இல்லாமல் அந்த வீட்டுக்கு என்ன திட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளவே விண்ணப்பிக்கிறேன்.'

பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் படிப்பவருக்கு நீங்கள் எப்படிப்பட்ட பணியாளர் என்பது தெரிந்துவிடும். இதே முதியவர் பிறகு உங்கள் முதல் கட்டுரைக்குப் பொருளாகவும் ஆவார்.

ஏழாம் படி: பாடத்தை நம் கரைக்குக் கொண்டுவருவது

படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. பாடப் பொருள்கள் பெரும்பாலும் எடின்பரோவிலோ மெல்பர்னிலோ இருக்கும் முதியோர் இல்லங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் நோயாளிகள் வீட்டில் இருக்கிறார்கள். பலர் பள்ளிக்குப் போனதே இல்லை.

நினைவாற்றல் சோதனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்கும் பயன்படும் மினி மென்டல் சோதனையில் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பென்சிலையே பிடிக்காத ஒருவருக்கு மதிப்பெண் குறைவாக வந்தால் அது நோயைக் காட்டுகிறதா, படிக்காததைக் காட்டுகிறதா? இதற்காகத்தான் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுத்தறிவில்லாத முதியவர்களுக்கென்று அந்தச் சோதனையின் இந்தி வடிவத்தை 1990-களில் உருவாக்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக் குழு, ஊர் மட்டத்தில் பயன்படுத்துவதற்கான டிமென்சியா கண்டறியும் கேள்விகளை வடிவமைத்து 2009-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு முதியவர்களை வைத்து உருவானவை என்பதால் உங்கள் முதல் வாசிப்பு அதுவாக இருக்கட்டும். இன்னொன்று, இச்சோதனைகள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. சிலவற்றைப் பயன்படுத்தத் தனிப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இணையத்தில் கிடைத்த படியை எடுத்து அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள்.

சோதனைத் தாளுக்கு வெளியே, ஆள் அன்றாடம் என்ன செய்கிறார் என்று கேட்பதுதான் நம் சூழலில் அதிகம் சொல்லும். மீனவரிடம் காற்றைப் பற்றிப் பேசிப் பாருங்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர்களை மடமடவென்று சொல்லிவிடுவார். அவை அடிமனதில் ஊறியவை, எளிதில் போகாது. இப்போது வெளியே வீசுவது எது என்று கேட்டால் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் கவனிக்க வேண்டியது. மீன் விற்ற பெண்மணிக்குச் சில்லறைக் கணக்கு எப்போது தவறத் தொடங்கியது என்று உடன் விற்றவர்களைக் கேளுங்கள். கடல்பாசி எடுக்கப் போனவர், நீர் வற்றும் நேரத்தைப் பற்றி மற்றவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கத் தொடங்கினாரா? இவற்றைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கொடுத்தால் அவர் வேலை எளிதாகும். ஆனால் நீங்களாக உருவாக்கிய கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு, சோதனை முடிவு என்று கட்டுரையில் எழுதக் கூடாது. உரையாடல் உரையாடலாகவே இருக்க வேண்டும்.

மறதி எல்லாம் டிமென்சியா ஆகிவிடாது என்பதையும் எந்தப் பாடமும் முதலில் சொல்லும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றைச் சரிசெய்தால் மறதி குறையக்கூடும். படகில் வழுக்கித் தலையில் அடிபட்டு, சில வாரங்கள் கழித்துக் குழப்பம் தொடங்கினால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கலாம். அதைத் தள்ளிப்போடவே கூடாது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று பிதற்றினால் சிறுநீர்த் தொற்று, உப்புச் சத்துக் குறைவு, நீர் வறட்சி என்று தேட வேண்டும். மே மாத வெயிலில் இது அடிக்கடி நடக்கிறது.

குடும்பங்களைப் பற்றிய பாடத்துக்குக் கீழக்கரை போன்ற ஊர் பெரிய ஆசான். அங்கே பெற்றோர் மகளோடு இருப்பது வழக்கம். மகன்கள் வளைகுடாவில் இருப்பார்கள். கவனிப்பவர் மகள், முடிவெடுப்பவர் வீடியோ அழைப்பில் இருக்கும் மகன். பத்து நிமிட அழைப்பில் முதியவர் சிரித்துப் பேசி, தொழுதீர்களா என்று கேட்டு, சலாம் சொல்லி முடிப்பார். 'வாப்பா நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெருசாக்குறே' என்று மகன் சொல்வார். தொடக்க நிலையில் இந்தச் சிறு உரையாடல் திறன் கெடாமல் இருப்பது நோயின் இயல்பு. அடுத்த அழைப்பின்போது நீங்களும் உடன் இருந்து, அழைப்பு முடிந்த சிறிது நேரத்தில் யாருடன் பேசினார் என்று அவரிடம் மென்மையாகக் கேட்டு, பதிலை மகனுக்குத் தெரிவியுங்கள். பல மாதச் சண்டை அன்றோடு தணியக்கூடும். இதைச் சோதனையாக நடத்தாமல், அவர் மனம் நோகாமல் செய்ய வேண்டும்.

எட்டாம் படி: ஒப்புதலும் மரியாதையும்

உங்கள் நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்கு ஒப்புதல் வேண்டும். கைநாட்டு வாங்குவது மட்டும் ஒப்புதல் ஆகாது. முதியவருக்குப் புரியும் அளவுக்கு அவரிடமே சொல்லுங்கள்; பிறகு குடும்பத்தாரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். நம் குடியிருப்புகள் சிறியவை: தெருப் பெயர், படகின் நிறம், எத்தனை பிள்ளைகள் என்ற விவரம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும், யார் என்று தெரிந்துவிடும். அடையாளத்தை மாற்றி எழுதுங்கள். புகைப்படம் வேண்டவே வேண்டாம். ஆய்வேடாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதியோடு, வேலை பார்க்கும் நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும்; இவற்றுக்குப் பல வாரங்கள் பிடிக்கும்.

வெளியே போய்விடுகிறார் என்பதற்காகக் கட்டி வைத்திருக்கும் வீடுகளையும் நீங்கள் பார்ப்பீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை வெளிப்படையாகத் தடைசெய்கிறது. அந்த நெருப்பு நடந்த மாவட்டத்தில் வேலை பார்க்கும் நமக்குக் கட்டுப்படுத்துதல் பற்றிய பாடம் வெறும் தேர்வுப் பாடமாக இருக்க முடியாது. ஆனால் முதியவரைக் கட்டி வைத்த மகளைத் திட்டிவிட்டு வருவதால் பயன் இல்லை. இரவில் அவள் தூங்க வழி என்ன, வாசலில் மணி தொங்கவிடலாமா, கடற்கரை டீக்கடைக்காரரிடமும் படகடியில் இருப்பவர்களிடமும் சொல்லி வைக்கலாமா, முதியவரின் சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய அட்டை வைக்கலாமா என்று அவளோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய இலவச எண்களை அந்த வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள்.

ஒன்பதாம் படி: பணம்

வெளிநாட்டுப் படிப்பின் கட்டணத்தை மொத்தமாகப் பார்த்து மலைக்க வேண்டாம். பாடவாரியாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். ரூபாய் மதிப்பு இறங்கினால் கட்டணம் ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிரிட்டன் அரசு நிதியில் வளரும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கான தொலைநிலைக் கல்வி உதவித்தொகை ஒன்று இருக்கிறது. அதில் இடம்பெறும் படிப்புகளின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நீங்கள் விரும்பும் படிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். நகையை அடகு வைத்து முழுப் பட்டத்துக்குச் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்தாம் படி: சேர்ந்த முதல் மாதத்தில்

உள்ளூரில் வழிகாட்டி ஒருவரைப் பிடியுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் தொடங்கியது. அங்கே மனநலத் துறையிலோ பொது மருத்துவத்திலோ உள்ள ஒரு மருத்துவரிடம், நீங்கள் அனுப்பும் நோயாளிகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு நோயாளியின் வரலாற்றை ஒழுங்காக எழுதி எடுத்துப்போனால் மறுப்பவர்கள் குறைவு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களிடமும் நோய்த்தணிப்புச் செவிலியரிடமும் பேசுங்கள். எந்த வீட்டில் எந்த முதியவர் வெளியே வருவதை நிறுத்திவிட்டார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்களைப் போலவே படிக்க விரும்பும் இன்னொருவர் மண்டபத்திலோ தேவிப்பட்டினத்திலோ இருக்கக்கூடும். இருவர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒரே கட்டுரையைப் படித்துப் பேசினால், நடுவில் விட்டுவிடும் வாய்ப்பு குறையும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்: முதியவர் முன்பு என்ன வேலை பார்த்தார், எத்தனை மணிக்கு எழுவார், எதைச் சாப்பிடுவார், யார் குரலுக்கு அமைதியாவார், இரவில் யார் கண்விழிக்கிறார். பெயர் எழுத வேண்டாம், எண் போதும். இரண்டு ஆண்டுப் படிப்பில் நீங்கள் எழுதப்போகும் எல்லாக் கட்டுரைகளுக்கும் மூலம் அந்த நோட்டில்தான் இருக்கும். மழை நனைக்காத இடத்தில் பூட்டி வையுங்கள்.